முதற் பெண்ணும் மூடிய கதவுகளும்

1963 ஜூன் 16 ஆம் திகதி. வொஸ்தோக் 6 விண்கலத்தில் வலன்டீனா தெரெஷ்கோவா என்ற 26 வயதுப் பெண் பூமியைச் சுற்றிக்கொண்டிருப்பதாகச் சோவியத் வானொலி அறிவித்தது. மகள் பரசூட் போட்டிக்குப் போயிருக்கிறாள் என்று நம்பியிருந்த தாய்க்கும் அந்த அறிவித்தலின் பின்னர்தான் விடயம் தெரிந்தது.

பெற்ற தாய்க்கும் சொல்லாத அளவுக்கு இரகசியம் ஏன்? அன்று விண்வெளி இரு வல்லரசுகளின் போட்டிக் களமாக இருந்தது. 1961 ஏப்ரல் 12 இல் யூரி ககாரின் 108 நிமிடப் பயணத்தில் பூமியை வலம்வந்தார். மூன்று வாரம் கழித்து அமெரிக்கர் அலன் ஷெப்பர்ட் 15 நிமிடம் மேலே சென்று திரும்பினார். ககாரினைச் சுமந்த ரொக்கெட், அணுகுண்டைச் சுமப்பதற்கென உருவாக்கிய ஏவுகணையிலிருந்து பிறந்தது. ஆகவே ஒவ்வொரு வெற்றியும் எதிரிக்கு விடுத்த எச்சரிக்கையாகவும் அமைந்தது.

அமெரிக்காவில் பெண் விமானிகளும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுகிறார்கள் என்ற செய்தி மொஸ்கோவை எட்டியது. முதற் பெண் அமெரிக்கராக இருக்கக்கூடாது என்று அங்குள்ள அதிகாரிகள் உறுதிகொண்டனர். 1962 இல் ஐந்து பெண்கள் தெரிவாகினர். அவர்களுள் ஒருவரான பொனொமரியோவா பட்டதாரி, விமானி. தெரெஷ்கோவாவோ புடைவை ஆலைத் தொழிலாளி. போரில் இறந்த உழவு இயந்திரச் சாரதியின் மகள். தொழிலாளர் அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட நாட்டுக்கு அந்தக் குடும்பப் பின்னணி பெரிதும் பிடித்திருந்தது.

பரசூட் பயிற்சியும் அவருக்குக் கைகொடுத்தது. வொஸ்தோக் கலம் மெதுவாகத் தரையிறங்கும் வசதி கொண்டதல்ல. சுமார் 7 கிலோமீற்றர் உயரத்தில் ஆசனத்தோடு வெளியே வீசப்பட்டு, பரசூட்டில் தனியே இறங்கவேண்டும். ககாரினும் அப்படித்தான் இறங்கினார். கலத்துக்குள் இருந்தபடியே தரையிறங்கினால்தான் சாதனை செல்லும் என்பது அன்றைய விதி. ஆதலால் சோவியத் அரசு அதனை மறைத்துவைத்தது.

மறைக்கப்பட்டது அது ஒன்றல்ல. பூமிக்குத் திரும்பும் கலம், தான் ஓடும் திசைக்கு எதிராக இயந்திரத்தை இயக்கி வேகத்தைக் குறைக்கவேண்டும். திசை மாறினால் வேகம் கூடி, கலம் இன்னும் உயரச் சென்றுவிடும். தன் கலத்தின் தன்னியக்க ஒழுங்கு அப்படித் தவறாக அமைந்திருந்ததைத் தெரெஷ்கோவா கண்டு அறிவித்தார். தரையிலிருந்து திருத்தம் அனுப்பப்பட்டது. இதை வெளியே சொல்லவேண்டாமெனத் தலைமைப் பொறியியலாளர் கொரொலெவ் கேட்டுக்கொண்டதாக அவர் பின்னாளில் கூறினார். பல தசாப்தங்கள் அவர் வாய் திறக்கவில்லை. அவர் சரிவரச் செயற்படவில்லை என்ற குறைப்பேச்சு மட்டும் உலாவியது. பிழை விட்டவர்களின் பெயர் காக்கப்பட்டது. பிழையைக் கண்டவர் பேச்சு வாங்கினார்.

48 தடவை பூமியைச் சுற்றி, ஏறத்தாழ 71 மணித்தியாலத்தின் பின் ஜூன் 19 இல் அவர் திரும்பினார். அதுவரை விண்வெளி சென்ற அமெரிக்கர் அனைவரின் நேரத்தையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது.

இனி அமெரிக்கப் பக்கம் பார்ப்போம். வைத்தியர் லவ்லேஸ் தனிப்பட்ட முறையில் நடத்திய பரிசோதனைகளில் ஜெரி கொப் உட்பட 13 பெண் விமானிகள் சித்தியடைந்தனர். அவர்களுள் எட்டுப் பிள்ளைகளின் தாயான ஜேனி ஹார்ட்டும் ஒருவர். ஆனால் விண்வெளி வீரர் ஜெட் விமானப் பரிசோதனை விமானியாக இருக்கவேண்டும் என்பது நாசாவின் நிபந்தனை. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் பெண்களுக்கு எதிராக ஒரு சொல்லும் இல்லை. எனினும் அப்பயிற்சியை வழங்கிய இராணுவப் பாடசாலைகள் ஆண்களை மட்டுமே சேர்த்தன! 1962 ஜூலையில் கொப்பும் ஹார்ட்டும் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்தனர். நிபந்தனை மாறவில்லை.

வென்ற நாட்டிலும் கதவு திறந்திருக்கவில்லை. "முதல்" என்ற பெயர் கிடைத்ததும் ஏனைய நால்வரையும் அனுப்பும் அவசரம் போய்விட்டது. 1969 இல் பெண்கள் அணி கலைக்கப்பட்டது. அடுத்த பெண்ணாக ஸ்வெட்லானா சவீட்ஸ்காயா சென்றது 1982 இல். முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட் 1983 ஜூன் 18 இல், அதாவது தெரெஷ்கோவா புறப்பட்டு இருபது வருடமும் இரண்டு நாளும் கழித்துத்தான் சென்றார்.

ஜெரி கொப் 2019 இல் காலமானார், விண்வெளியைக் காணாமலே. அந்தப் பதின்மூவருள் வொலி ஃபங்க் மட்டும் 2021 ஜூலையில், தனியார் நிறுவனம் ஒன்றின் கலத்தில், சுமார் பத்து நிமிடம் பயணித்தார். அப்போது அவருக்கு வயது 82.