கல்லூரிப் பிள்ளையின் மனபாரம் குறைய 8 குறிப்புகள்

பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் நம் கவலை தீர்ந்துவிடுகிறது. ஹாஸ்டல், அரியர், ஃபீஸ், பிளேஸ்மென்ட் என்று அவர்கள் கவலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. எந்தக் கெட்ட செய்தியையும் வீட்டில் பயப்படாமல் சொல்லலாம் என்ற தைரியத்தைக் கொடுங்கள். பாதி பாரம் இறங்கிவிடும்.

1. போனை எடுத்ததும் "இன்டர்னல் மார்க் என்ன?" என்று கேட்காதீர்கள். "மெஸ்ஸில் இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்று தொடங்குங்கள். தண்ணிச் சாம்பாரைத் திட்டித் தீர்த்த பிறகு, மனசில் இருப்பதும் தானாக வெளியே வரும்.

2. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர்தான் கஷ்டம். பாடம் புரியாது, ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கவும் கூச்சம். கடைசி பெஞ்சில் ஒதுங்கி, பிறகு வகுப்புக்கே போகாமல் அட்டென்டன்ஸும் குறையும். "கிளாஸ் முடிஞ்சதும் சாரிடம் தமிழிலேயே கேளு" என்று சொல்லிக்கொடுங்கள். சீனியர்களின் நோட்டும் பழைய கேள்வித்தாள்களும் பெரிய துணை.

3. அரியர் விழுந்தால் அன்றைக்குத் திட்டாதீர்கள். மறுநாள் சேர்ந்து உட்கார்ந்து எந்தப் பேப்பர், எந்த யூனிட் வரவில்லை, பணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். மறுமதிப்பீட்டுக்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு, உடனே விசாரியுங்கள்.

4. "உனக்காகத்தான் நகையை அடகு வச்சேன்" என்று அடிக்கடி சொல்வது குற்ற உணர்ச்சியைத்தான் வளர்க்கும். வங்கிக் கல்விக்கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை இருவரும் தெரிந்துகொள்ளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

5. பரீட்சை நேரத்திலும் 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூங்கினால்தான் படித்தது மனதில் பதியும். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

6. கடைசி வருடத்தில் வேலை கிடைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். "கேம்பஸில் கிடைக்கலன்னா வெளியே தேடலாம்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

7. ராகிங் என்றால் "அனுசரிச்சுப் போ" என்று சொல்லவே கூடாது. தமிழ்நாட்டில் 1997 முதல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. 1800-180-5522 என்ற எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம்.

8. சாப்பாடு, தூக்கம் குறைவது, நண்பர்களைத் தவிர்ப்பது, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு இவற்றைச் சோம்பல், நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அந்த எண்ணை இன்றே பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.