எட்டே வினாடி!

எதிர்காத்துல சைக்கிள் மிதிக்கும்போது என்ன செய்வீங்க? யாரும் சொல்லித் தராமலேயே ஹேண்டில்பார் மேல குனிஞ்சிடுவோம், இல்லையா? இப்படிக் குனிந்தே ஒருவர் உலகப் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தை வென்றார். அவர் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட்.

'டூர் டி பிரான்ஸ்' என்பது மூன்று வாரம் நடக்கும் பந்தயம். 1986-ல் அதை வென்ற முதல் அமெரிக்கர் இவர்தான். மறுவருடம் ஏப்ரலில் வேட்டைக்குப் போன இடத்தில், சகோதரியின் கணவர் சுட்டது தவறுதலாக இவர் மேலேயே பாய்ந்தது. பிழைத்ததே பெரிசு! முப்பதுக்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளை எடுக்க முடியாமல் உடம்பிலேயே விட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் டூர் பக்கமே வர முடியவில்லை.

1989 ஜூலை 23, கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்டி, நேரத்தைக் கணக்கிடுவார்கள். பிரான்ஸின் லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். இவ்வளவு குறைந்த தூரத்தில் அதைப் பிடிப்பதா? நடக்காத காரியம்னு பலர் நினைச்சாங்க.

லெமாண்டின் சைக்கிளில் முன்பக்கம் நீட்டிய ஒரு புது கைப்பிடி இருந்தது. முழங்கைகளை ஒட்டி வைத்து, கைகளை முன்னால் நீட்டி, முதுகைத் தாழ்த்திக்கொள்ளலாம். தலையில் பின்பக்கம் கூரான ஹெல்மெட். ஃபின்யோனுக்கோ ஹெல்மெட்டே இல்லை, குதிரைவால் கூந்தல் காத்துல பறந்தது!

இதில் என்ன அறிவியல்? வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். அதனால மெதுவா போறப்போ காத்து தெரியாது, வேகமா போனா சுவர் மாதிரி நிக்கும். காற்றில் மோதும் உடம்பின் பரப்பைக் குறைத்தால் தடையும் குறையும்.

இப்ப கணக்கைப் பாருங்க. லெமாண்ட் 26 நிமிடம் 57 வினாடி, ஃபின்யோன் 27 நிமிடம் 55 வினாடி. வித்தியாசம் 58. அதில் 50 போக, மீதி 8 வினாடி. சுமார் 3,285 கி.மீ. ஓட்டிய பிறகு எட்டே வினாடி!

காத்து மட்டுமே காரணம்னும் சொல்ல முடியாது. ஃபின்யோன் அன்று சீட்டில் உட்காரவே முடியாதபடி புண்ணோடு ஓட்டினார், பாவம். லெமாண்ட் 1990-லும் வென்றார், 1994-ல் ஓய்வு பெற்றார்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சரிவில், மிதிக்காமல் ஒருமுறை நிமிர்ந்தும் ஒருமுறை குனிந்தும் உருண்டு வாங்க. எது அதிக தூரம் போகுதுன்னு குறிச்சு வையுங்க. கை மட்டும் பிரேக்கை விட்டு எடுக்கக்கூடாது!