அந்தக் கடிதம் எந்தப் பெட்டியில்?

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் வழியில் சில வளைவுகளில் சிக்னல் அற்றுவிடும். அப்போதும் என் மடிக்கணினியில் சில மின்னஞ்சல்கள் திறக்கும், சில திறக்கா. அவை இருக்கும் இடம் வேறு என்பதே காரணம்.

தண்டர்பேர்ட் மென்பொருளில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற தலைப்பின் கீழ் உள்ளவை நம் கணினியிலேயே இருக்கும் கோப்புகள். நம் மின்னஞ்சல் முகவரியின் கீழ் தெரியும் பெட்டிகளோ பெரும்பாலும் தூரத்துச் சேவையகத்தில் இருப்பவை. கணினியில் அவற்றின் நகல் இருந்தால்தான் சிக்னல் இல்லாமல் படிக்கலாம்.

தூரத்துப் பெட்டியை ஐமேப் என்ற நெறிமுறை தேடித் தருகிறது. சேவையகத்தின் பெயர், பயனர் பெயர், பெட்டியின் பெயர் மூன்றும் அதற்கு வேண்டும். 'இன்பாக்ஸ்' என்பது ஒதுக்கப்பட்ட பெயர். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் ஒரே பெட்டிதான். உட்பெட்டியைப் பிரிக்க ஒரு சேவையகம் சாய்கோடு இடும், இன்னொன்று புள்ளி இடும். 'பரீட்சை' என்று நாம் தமிழில் பெயரிட்டால், 2003ஆம் ஆண்டு விதிப்படி அது ஆங்கில எழுத்துக் குறியீடாக மாறியே பயணிக்கும். தமிழை அப்படியே ஏற்கும் விதி பின்னர்தான் வந்தது!

பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை லோக்கல் ஃபோல்டருக்கு 'நகர்த்தினால்' சேவையகத்திலிருந்து அது போய்விடும். வாப்பாவின் கைபேசியில் தேடினாலும் கிடைக்காது; கணினி பழுதானால் கடிதமும் போய்விடும். 'பிரதி' எடுத்தால் இரண்டு இடத்திலும் இருக்கும். இரு கட்டளைகளும் பட்டியலில் அடுத்தடுத்தே நிற்கின்றன.