முகம் மாறாத பாவைக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: சிறுவர் பொம்மலாட்டத் தொடரும் வானொலி நகைச்சுவையும் எழுத ஆசை. எங்கே தொடங்கலாம்?
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: தோல்பாவைக்கூத்தில் தொடங்குங்கள். ராமாயணத்தின் நடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் புகுந்து கொச்சைத் தமிழில் சண்டை போடுவார்கள். பிள்ளைகள் காத்திருப்பதே அதற்குத்தான். பாவையின் முகம் மாறாது. கோபமும் வெட்கமும் திருட்டுத்தனமும் அசைவிலும் குரலிலும்தான் வரவேண்டும். எனவே வசனம் சுருக்கமாக இருக்கட்டும்.

வானொலியில் அந்த அசைவும் கிடையாது. இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத்தை நினைத்துப் பாருங்கள். அதில் மரிக்கார் பேசுவது முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், உபாலி சிங்களவர் பேசும் தமிழ். வாயைத் திறந்ததுமே ஆள் தெரிந்துவிடும். 1976இல் அந்த நாடகம் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. குரலாலேயே ஆளைக் காட்டுவது எத்தனை அருமையான பாடம்! உங்கள் தெருவிலும் பல குரல்கள் உண்டு. அவற்றைக் கேட்டு, மூன்று பேருக்கு மட்டும் எழுதுங்கள். எழுதியதைப் பாத்திரங்களின் பெயர் சொல்லாமல் ஒரு குழந்தைக்கு வாசியுங்கள். “இப்ப யாரு பேசறா?” என்று கேட்டால், அந்த இடத்தைத் திருத்துங்கள்.