மூங்கில் துணியும் மருத்துவமனைக் கிருமியும்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு, வெள்ளை அணுக்கள் குறைந்திருந்த தாயாரைப் பராமரிக்கும் பெண்மணி ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். மூங்கில் நாரால் ஆன மேலாடையை அதிக விலை கொடுத்து வாங்கி அணிந்திருந்தார். "இதில் கிருமியே தங்காதாம், டாக்டர். உங்கள் செவிலியர்களுக்கும் இதையே கொடுக்கலாமே?" என்றார்.

நியாயமான கேள்விதான். மருத்துவர் உடையில் கிருமி தங்குவது உண்மை. அமெரிக்காவின் மேரிலாந்தில் 149 பேரின் வெள்ளை அங்கிகளைச் சோதித்தபோது, 34 அங்கிகளில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி காணப்பட்டது. இவ்வாய்வு 2009-இல் வெளியானது.

ஆனால் மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி ரேயானே. மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் சேர்த்துக் கரைத்து, நுண்துளைகளின் வழியே அமிலத் தொட்டிக்குள் இழையாகச் செலுத்துகிறார்கள். எஞ்சுவது செல்லுலோஸ். யூகலிப்டஸ் மரத்திலிருந்து தொடங்கினாலும் கிடைப்பது அதுவே. செடியில் ஏதேனும் எதிர்ப்புத்தன்மை இருந்திருந்தாலும் அது இத்தனையையும் தாண்டி வந்தது என்பதற்குச் சான்றில்லை. இவ்வாறு ரேயானைக் கிருமி எதிர்ப்புள்ள மூங்கில் நார் என்று விற்ற நிறுவனங்கள்மீது அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2009-இல் நடவடிக்கை எடுத்தது.

வேம்பு, மஞ்சள், கற்றாழை ஆகியவற்றின் சாற்றைப் பருத்தியில் ஏற்றுவது வேறு முறை. இதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பலன் தெரிகிறது. எனினும் சாறு நூலோடு உறுதியாகப் பிணையாவிடில் சலவைதோறும் குறையும். மருத்துவமனை உடையோ நாள்தோறும் வெந்நீரில் வெளுக்கப்படுவது. மேலும், ஆய்வுக்கூடத்தில் பொதுவாகத் துணித்துண்டில் கிருமிக் கரைசலை இட்டு, 37 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 24 மணி நேரம் ஈரமாக வைத்த பிறகே எண்ணுகிறார்கள். வார்டில் அத்தனை அவகாசம் ஏது? ஒரு படுக்கையில் உரசிய கைமடிப்பு, இரண்டு நிமிடத்தில் அடுத்த படுக்கையில் உரசுகிறது.

தாவரச் சாற்றை விட்டு, வெள்ளிக் கலவையையும் கிருமிநாசினி வேதிப்பொருளையும் ஏற்றிய உடைகளையே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 40 செவிலியர்கள் அவற்றையும் சாதாரண உடையையும் மாறி மாறி அணிந்தனர். பணிநேர முடிவில் உடைகளில் ஏறியிருந்த கிருமியளவில் வேறுபாடு இல்லை. 2017-இல் வெளியான முடிவு இது.

இங்கிலாந்தின் சுகாதாரத் துறை வேறு வழியை நாடியது. முழங்கைக்குக் கீழ் துணியோ கடிகாரமோ கூடாது என்று 2007-இல் அறிவித்தது. கைகளை மணிக்கட்டுவரை முறையாகக் கழுவ இது உதவும். சீருடையை 60 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் வெளுத்தால் பெரும்பாலான கிருமிகள் நீங்கும் என்பதும் அதன் வழிகாட்டுதல்.

அந்தப் பெண்மணியிடம், வெளியிலிருந்து வந்ததும் கை கழுவுகிறீர்களா என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "இந்த ஆடை இருப்பதால் முன்போல் அவ்வளவாக இல்லை" என்றார். எனக்குக் கவலை அளித்தது அந்தப் பதில்தான். மேலாடை மென்மையானது, அணிந்துகொள்ளுங்கள். ஆனால் தினமும் வெளுத்து வெயிலில் உலர்த்துங்கள், தாயாரைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள், காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள் என்றேன். நாங்கள் கை கழுவாமல் தாயாரின் படுக்கையருகே வந்தால் தடுத்துக் கேட்கும்படியும் சொன்னேன். மறுமுறை வந்தபோது என்னையே கேட்டார்.