பசளையும் மரக்கறியின் போஷாக்கும்

உழுதலினும் எருவிடுதல் சிறந்தது என்பது வள்ளுவர் துணிபு. விளைவு பெருகுதற்குப் பசளை இன்றியமையாதது என்பதில் நம் கமக்காரருக்கும் விஞ்ஞானிகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆயின் விளைவின் அளவு ஒன்று. விளைந்த பொருளின் தரம் வேறொன்று. ஒரு பாத்திக் கீரை கரும்பச்சையாய்த் தழைத்து நிற்பதனால் மட்டும் அஃது உண்பார்க்கு மிக்க போஷாக்கை அளிக்குமென்று கொள்ளலாகாது. நாம் இடும் பசளை மரக்கறியின் உணவுத் தரத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதை இக்கட்டுரையிற் சுருக்கமாக ஆராய்வாம்.

செடி தன் உடலின் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்தும் நீரிலிருந்தும் ஆக்கிக்கொள்கின்றது. எஞ்சிய மூலகங்களை வேரின் வழியே மண்ணிலிருந்து பெறுகின்றது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகிய மூன்றும் மிகுதியாக வேண்டப்படுவன. கல்சியம், மகனீசியம், கந்தகம் என்பன அடுத்த நிலையின. இரும்பு, நாகம், போரன், மங்கனீசு, செம்பு முதலியன மிகச் சிற்றளவே போதுவன; ஆயினும் அவையின்றிச் செடி வாழாது. மிகக் குறைவாயுள்ள சத்து எதுவோ அதுவே செடியின் வளர்ச்சிக்கு எல்லை வகுக்கும் என்ற விதியை ஜேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக் 19 ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் பரப்பினார். குட்டையும் நெட்டையுமான பலகைகளாற் செய்த பீப்பாவில் நீர் எவ்வளவு நிற்கும்? மிகக் குட்டையான பலகையின் உயரம் வரையிலேயே நிற்கும். மற்றைப் பலகைகளை மேலும் உயர்த்துவதாற் பயன் யாது?

முதலில் நைதரசனை எடுத்துக்கொள்வாம். காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக மாற்றும் முறையை ஹேபர் என்னும் அறிஞர் 1909 இல் ஆய்வுகூடத்திற் செய்து காட்டினார். பொஷ் என்பாரின் முயற்சியால் 1913 இல் அது பெருந்தொழிலாயிற்று. நாம் வாங்கும் யூரியா அதன் வழிவந்ததே. அதன் நிறையில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசனாகும். புரதத்திற்கும் பச்சையத்திற்கும் நைதரசன் வேண்டும். அளவறிந்து இட்டால் இலைக்கறிகளிற் புரதமும் கரோற்றினும் மிகுகின்றன. எனவே பசளையே தீதென்பது பொருந்தாது.

அளவு மீறும்போதே தீமை தொடங்குகின்றது. வேர் உறிஞ்சிய நைத்திரேற்றைப் புரதமாக மாற்றுதற்கு இலைக்கு வெல்லமும் சூரியவொளியும் வேண்டும். நைதரசன் மிகுந்தவிடத்து இலைகள் விரைந்து பெருக்கின்றன; நீர்ப்பற்று மிகுகின்றது; ஓரிலை மற்றதற்கு நிழலாகின்றது. விற்றமின் சி வெல்லத்திலிருந்தே ஆக்கப்படுவது. வெல்லம் வேறு வழியிற் செலவாக, பல பயிர்களில் அவ்விற்றமின் குறைகின்றது. கனியுப்புக்களும் பருத்த உடலெங்கும் பங்கிடப்பட்டு ஐதாகின்றன. பாலில் நீர் கலந்தாற் படி நிறையும். பிள்ளைக்குப் பால் மிகாது. அத்தன்மையதே இதுவும்.

புரதமாகாது எஞ்சிய நைத்திரேற்று இலையிலும் காம்பிலும் தேங்குகின்றது. கீரை, பசளிக்கீரை, முள்ளங்கி, பீற்றூட் முதலியவற்றில் இத்தேக்கம் மிகுதி. தக்காளி போன்ற காய்களிற் குறைவு. வளர்ந்தோர் இதற்கஞ்சி மரக்கறியை விலக்க வேண்டுவதில்லை. மரக்கறியால் வரும் நன்மை பெரிது. ஆனாற் கைக்குழந்தையின் நிலை வேறு. நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும்; குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றே இந்நோய்க்குக் காரணமாதலை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து வைத்தியர் கொம்லி 1945 இல் எடுத்துக்காட்டினார்.

இவ்விடத்து நம் குடாநாட்டை நினையாதிருத்தல் இயலாது. வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே கிடப்பது வெடிப்புக்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இட்ட பசளையில் வேர் கொள்ளாத பங்கு, இறைத்த நீரோடும் மாரி மழையோடும் கீழிறங்கிக் கிணற்றையே சேர்கின்றது. மலக்குழிக் கசிவும் அதனோடு கூடுகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை. குடாநாட்டுக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிருக்கு உதவாத பசளை, பணம் கொடுத்தவனின் குடத்துக்கே திரும்பி வருகின்றது.

இனி மற்றைச் சத்துக்களை நோக்குவாம். பொற்றாசியம் போதியளவு கிடைத்த பயிரில் வெல்லமும் விற்றமின் சியும் மிகும். தக்காளி நன்கு சிவக்கும். கல்சியம் காயை அடையாதவிடத்துத் தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகும். வெங்காயத்தின் காரமும் மணமும் கந்தகச் சேர்வைகளால் ஆவன. அமோனியம் சல்பேற்றில் நைதரசனோடு கந்தகமும் உண்டு. யூரியாவிற் கந்தகம் இல்லை. ஒன்றை விட்டு மற்றதற்கு மாறுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பும் நாகமும் இருந்தும் வேருக்கு எளிதில் அகப்படா. பொசுபரசை மிகையாக இடின் நாகம் பின்னும் அரிதாகும்.

பசளையின் வழியே மக்களின் போஷாக்கை உயர்த்தலாம் என்பதற்குப் பின்லாந்து சான்று. அந்நாட்டு மண்ணிலிருந்து பயிர்கள் பெற்ற செலீனியம் மிகக் குறைவு. 1984 இல் அந்நாட்டார் பசளையோடு செலீனியத்தைச் சேர்க்கத் துணிந்தனர். சில ஆண்டுகளிற் பயிரிலும் பாலிலும் மக்களின் இரத்தத்திலும் அதன் அளவு உயர்ந்தது.

சேதனப் பசளை உயர்ந்ததோ, இரசாயனப் பசளை உயர்ந்ததோ என்னும் வினா இன்னும் ஓயவில்லை. 2012 இல் வெளிவந்த அமெரிக்கத் தொகுப்பாய்வொன்று இரண்டின் விளைபொருள்களிலும் விற்றமின்கள் பெரிதும் வேறுபடவில்லை என்றது. 343 ஆய்வுகளைத் திரட்டிய 2014 ஆம் ஆண்டுத் தொகுப்பு, சேதன முறைப் பயிரில் ஒட்சியேற்ற எதிரிகள் மிகுதி, கட்மியம் குறைவு, நைத்திரேற்றும் குறைவு என்றது. வேர் சாணத்தின் நைத்திரேற்றையும் மூடையின் நைத்திரேற்றையும் பிரித்தறியாது. ஆனாற் சாணமும் குழையும் மெல்லச் சிதைந்து சத்தைச் சிறிது சிறிதாக விடுகின்றன. மண்ணின் ஈரத்தையும் காக்கின்றன. பூவரசங் குழையையும் பனையோலையையும் தோட்டத்திற் புதைத்த நம் முன்னோர் செயல் இக்காரணத்தாற் போற்றத்தக்கது. எனினும் 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது விளைவு வீழ்ந்தது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. மண்ணை ஆயத்தஞ் செய்யாது முறையை மாற்றுதல் தகாதென்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இவற்றாற் பெறப்படும் நடைமுறைகள் சில. முதலாவது, மண்ணைச் சோதித்தறிந்தே பசளை இடுதல். இரண்டாவது, அடிக்கட்டாக எருவும் குழையும் இட்டு, யூரியாவைப் பலமுறை பிரித்துச் சிறுகச் சிறுக இடுதல். மூன்றாவது, இலைக்கறிகளுக்கு அறுவடை நெருங்குங்கால் நைதரசனை நிறுத்துதல். நான்காவது, இயன்றவிடத்துக் கீரையை வெயில் பட்ட பின் மாலையிற் கொய்தல். பகலொளியில் நைத்திரேற்றுக் குறைதலே காரணம். ஐந்தாவது, கைக்குழந்தைக்குப் பால்மாக் கரைக்கும் கிணற்று நீரைச் சோதிப்பித்தல். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது என்பதைத் தாய்மார் அறிதல் வேண்டும்.

நம் பழைய மாணவருட் பலர் இன்றும் தோட்டஞ் செய்வோர். சிலர் விவசாயத் துறையிலும் வைத்தியத் துறையிலும் கடமையாற்றுவோர். மாணவர்கள் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலிற் கொணர்ந்து கல்லூரி ஆய்வுகூடத்திற் சோதித்து, ஊர்வாரியாகப் படமொன்று வரைவாராயின், அது பாடமுமாகும், ஊருக்குத் தொண்டுமாகும். அதற்கு வேண்டிய துணையை மூத்தோர் நல்குவாராக. சந்தைத் தராசு மரக்கறியின் நிறையை மட்டுமே காட்டும். அதனுள் அடங்கிய போஷாக்கைக் காத்தல், பசளையைக் கையில் எடுப்பவன் அறிவையே சார்ந்தது.