நீர் கொண்டு செல்ல வளையும் குழாயைத் தேர்ந்தெடுத்தல்

கிணற்று நீரை மேல் தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து வீட்டிற்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் கொண்டு செல்ல விரும்பும் குடியானவர், அவ்வேலையைத் தாமே செய்துகொள்ளக் கூடும். இதற்குச் சுருளாகக் கிடைக்கும் பாலிஎத்திலீன் குழாய் மிகவும் அனுகூலமானது. 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட இப்பொருள் துருப்பிடிப்பதில்லை; உப்பு நீராலும் கெடுவதில்லை; மரை வெட்டும் வேலையும் இதற்கு இல்லை. ஆயினும், தவறான குழாயைப் புதைத்துவிட்டால் மறுபடியும் பள்ளம் தோண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகையால் வாங்குமுன் பின்வரும் விஷயங்களைக் கவனித்தல் அவசியம்.

1. உள்ளளவு: பாலிஎத்திலீன் குழாயின் மேல் எழுதப்பட்டிருக்கும் அளவு வெளிக் குறுக்களவே ஆகும். 32 மில்லிமீட்டர்க் குழாயின் சுவர் 3 மில்லிமீட்டர் கனமாயின், நீர் செல்லும் வழி 26 மில்லிமீட்டரே. விலை குறைவென்று சிறிய குழாயை வாங்குதல் பெரும் பிழை. உள்ளளவு பாதியாகக் குறைந்தால், அதே தொட்டியிலிருந்து அதே தூரத்திற்கு வரும் நீர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கோடையில் தொழுவத்துத் தொட்டி நிரம்பாவிடில் கறவை மாட்டின் பாலும் குறையும். ஆதலால் தூரம் அதிகமாயின் பெரிய அளவையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

2. அழுத்தம்: பத்து மீட்டர் உயரமுள்ள நீர், சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்குச் சுமார் ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும். ஆறு மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் நீருக்கு மெல்லிய குழாயே போதும். பம்பிலிருந்து நேரே செல்லும் குழாய்க்கோ, பம்பின் தகட்டில் கண்ட அதிகபட்ச உயரத்தைக் கொண்டு கணக்கிடல் வேண்டும். அவ்வுயரம் 45 மீட்டராயின் அழுத்தம் நாலரை கிலோ; வால்வைத் திடீரென மூடும்போது அது மேலும் ஏறுமாதலால், ஆறு கிலோ தாங்கும் குழாயே தக்கது.

3. தரம்: குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 4984இன்படி செய்யப்பட்டு, அளவும் தாங்கும் அழுத்தமும் தெளிவாக அச்சிடப்பட்ட குழாயையே கொள்ளுதல் வேண்டும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த குழாய் குடிநீருக்கு உதவாது. தோட்டத்தில் கையால் பிடித்துப் பாய்ச்சும் மெல்லிய ஹோஸும் நிலையான வழிக்கு ஏற்றதன்று.

4. வெப்பம்: கரி கலந்த கறுப்புக் குழாய் வெயிலைத் தாங்கும், எனினும் சூடேறினால் எந்தப் பாலிஎத்திலீன் குழாயும் வலிமை குன்றும். எனவே புதைப்பதே உத்தமம். வெந்நீர் அடுப்பிலிருந்து வரும் வழிக்கு இதனை உபயோகித்தலாகாது. வெயிலில் கிடந்த நூறு மீட்டர்க் குழாய் இருபது டிகிரி குளிர்ந்தால் ஓர் அடிக்குக் குறையாமல் சுருங்கும். ஆகையால் பள்ளத்தில் சற்று வளைத்துப் போட்டு, காலைக் குளிர்ச்சியில் மண் மூடுதல் நலம். கூரிய கற்களை அகற்றி மணல் பரப்புதலும் வேண்டும்.

5. இணைப்பு: பி.வி.சி. குழாய்க்குப் பூசும் பசை பாலிஎத்திலீனில் ஒட்டாது. திருகி இறுக்கும் இணைப்புகளையே வாங்கல் வேண்டும். குழாயை நேராக அறுத்து, ஓரத்தைச் சீவி, இணைப்பின் அடிவரை செலுத்தியபின் இறுக்கினால் கசிவு நேராது. குழாயை மடியும்படி வளைத்தலாகாது. கூரிய திருப்பங்களில் முழங்கை இணைப்பு வைப்பதே முறை.

எல்லாம் பூட்டிய பின்னர், மண் மூடுமுன் ஓர் இரவு முழுவதும் குழாயில் நீரை நிறுத்திவைத்து, மறுநாட் காலையில் ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பார்த்தல் வேண்டும். ஈரமில்லாதிருந்தால் பள்ளத்தை அச்சமின்றி மூடலாம்.